உள்ளே குடல் ஒட்டுமா? மாத்திரை தடுக்குமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு எட்டு மாதம் முன்னால் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன் நடந்தது. காபி டம்ளரை என் கையில் கொடுத்த கையோடு, பீரோவிலிருந்து மூன்று டப்பாக்களை எடுத்து வந்து மேஜை மேல் வரிசையாக வைத்தார். ஒன்று வைட்டமின் ஈ. இன்னொன்று மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின் கேப்ஸ்யூல். மூன்றாவது, 'ஆன்டி-ஆக்ஸிடென்ட்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த கலவை மாத்திரை.

"நீதான் இதையெல்லாம் படிக்கிறவளாச்சே, சொல்லு. ஆபரேஷன் பண்ணின இடத்துல உள்ளே குடல் ஒட்டிக்குமாம். இதைச் சாப்பிட்டா ஒட்டாதாம். கூட வாக்கிங் வர்ற மாமி சொன்னாங்க. அவங்க தம்பி சம்சாரத்துக்கு அப்படி ஒட்டிக்கிட்டுத்தான் மறுபடி வயித்தைத் திறந்தாங்களாம். மாசம் ஆயிரத்து ஐநூறு ஆகுது. போனாப் போகட்டும், இன்னொரு தடவை அந்த டேபிள்ல படுக்க என்னால முடியாது!"

மாமி சொன்னதில் பாதி நிஜம். முழுப் பொய்யாக இருந்திருந்தால் டப்பாவை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போயிருக்கலாம். பாதி நிஜமாக இருப்பதால் கொஞ்சம் விவரமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வயிற்றுக்குள் சிறுகுடல் மட்டுமே சுமார் ஆறு மீட்டர் நீளம். அது சும்மா கிடப்பதில்லை. சாப்பாட்டைத் தள்ளிக்கொண்டு சதா நெளிந்துகொண்டே இருக்கிறது. ஒரு மடிப்பு இன்னொரு மடிப்பின் மேல் உரசாமல் வழுக்கிப் போவதற்காக, குடல் மேலும் வயிற்றுச் சுவரின் உள்பக்கத்திலும் மெல்லிய, ஈரமான ஓர் உறை இருக்கிறது. பெரிட்டோனியம் என்று பெயர். விரித்துப் போட்டால் ஏறக்குறைய நம் உடம்புத் தோல் அளவுக்குப் பரப்பு வரும். ஆனால் அதன் மேல்தட்டு ஒரே ஒரு செல் கனம்தான். கையுறை போட்ட விரல் அழுத்தி உரசினாலே, பஞ்சால் துடைத்தாலே, விளக்கு வெளிச்சத்தில் கொஞ்சம் காய்ந்தாலே அது உரிந்துவிடும்.

உரிந்த இடத்தில் என்ன நடக்கிறது? முழங்காலில் சிராய்த்துக்கொண்டால் முதலில் நீர் கசிந்து, பிறகு பக்கு கட்டுகிறதல்லவா? அதேதான். ரத்தத்திலிருந்து ஃபைப்ரின் என்ற பசை கசிந்து காயத்தை மூடுகிறது. வெளிக்காயத்தில் இதனால் தொந்தரவில்லை. வயிற்றுக்குள்ளோ, எதிரே இன்னொரு உரிந்த இடம் தொட்டுக்கொண்டு கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் பசை!

மைதாப் பசையில் நோட்டீஸ் ஒட்டுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். ஒட்டின சூட்டில் பிடித்து இழுத்தால் தாள் முழுசாகக் கையோடு வந்துவிடும். காய்ந்த பிறகு சுரண்டினால் சுவர்க் காரையும் சேர்ந்து வரும். வயிற்றுக்குள்ளும் அப்படித்தான். முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு இந்தப் பசை இளகலாகவே இருக்கும். அதைக் கரைப்பதற்கென்றே உடம்பில் ஒரு ஏற்பாடு உண்டு. எல்லாம் ஒழுங்காக நடந்தால் பசை கரைந்துவிடும், அடியில் புதுத் தோல் முளைத்து ஒரு வாரத்துக்குள் காயம் ஆறிவிடும். கரைக்கிற வேலை மந்தமானால் அந்தப் பசைக்குள் நார் பின்னுகிற செல்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பசை நாராகிறது, நார் கயிறாகிறது, அதற்குள் ரத்தக் குழாயும் நரம்பும்கூட வளர்ந்துவிடுகின்றன. இந்த உள்தழும்பைத்தான் டாக்டர்கள் 'அட்ஹீஷன்' என்கிறார்கள். நம் வீடுகளில் 'குடல் ஒட்டிக்கிச்சு' என்கிறோம்.

இது அபூர்வமான சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே வயிற்றில் ஆபரேஷன் ஆன 210 பேரை மறுபடி திறக்க நேர்ந்தபோது லண்டன் டாக்டர்கள் உள்ளே கவனமாகப் பார்த்தார்கள். 93 சதவிகிதம் பேருக்கு ஒட்டு இருந்தது. இந்தக் கணக்கு வெளியானது 1990-ல். அக்காவிடம் இதைச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் ஒட்டு இருப்பது வேறு, ஒட்டினால் தொந்தரவு வருவது வேறு. ஸ்காட்லாந்தில் 1986-ம் வருஷம் வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்ட 29,790 பேரைப் பத்து வருஷம் விடாமல் கவனித்தார்கள். மூன்றில் ஒருவருக்குக் கொஞ்சம் அதிகமானவர்கள், ஒட்டோடு சம்பந்தமிருக்கலாம் என்ற காரணத்துக்காக மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். 'இருக்கலாம்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். அந்த அட்மிஷன்களில் நேரடியாக ஒட்டினால்தான் என்று சொல்லக்கூடியவை நூற்றுக்கு ஆறுக்கும் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு உள்ளே ஒட்டிக்கொண்டிருப்பதே தெரியாமல் ஆயுசு முழுக்க ஓடிவிடுகிறது.

ஆன்டி-ஆக்ஸிடென்ட் எங்கே வந்தது?

வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுத்துப் போகிறது. இரும்பு துருப்பிடிக்கிறது. ஆக்ஸிஜன் படுத்தும் பாடு. உடம்புக்குள்ளும் இப்படி ஆக்ஸிஜனிலிருந்து பிறக்கிற, எதையாவது கடித்துக் குதறாமல் அடங்காத சில துணுக்குகள் உண்டு. அவைதான் ஃப்ரீ ராடிகல்கள். அவற்றை அடக்குகிற பொருள்கள் ஆன்டி-ஆக்ஸிடென்டுகள். வைட்டமின் சி, ஈ எல்லாம் அந்த ஜாதி.

ஆபரேஷன் சமயத்தில் கிளிப் போட்டும் தையல் போட்டும் இழுத்துப் பிடித்தும் சில இடங்களுக்கு ரத்தம் போவது குறைகிறது. அங்கே செல்கள் மூச்சுத் திணறுகின்றன. மறுபடி ரத்தம் பாயும்போது ஃப்ரீ ராடிகல்கள் கொப்பளித்துக் கிளம்புகின்றன. கூடவே, காயத்தைச் சுத்தம் செய்ய ஓடி வரும் வெள்ளை அணுக்களும் தங்கள் பங்குக்கு அவற்றை உண்டாக்குகின்றன. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரின் வேய்ன் ஸ்டேட் யுனிவர்சிடியில் ஒட்டுத் தழும்பிலிருந்து எடுத்த செல்களை வளர்த்துப் பல வருஷம் ஆராய்ந்திருக்கிறார்கள். மூச்சுத் திணறலும் ஃப்ரீ ராடிகல்களும் சேர்ந்துதான் சாதாரண செல்லை 'நார் பின்னு, நார் பின்னு' என்று முடுக்கிவிடுகின்றன என்பது அவர்கள் கண்டது.

அப்படியானால் ஃப்ரீ ராடிகல்களை அடக்கினால் ஒட்டு குறைய வேண்டுமே? குறையத்தான் செய்கிறது. எலிகளுக்கு!

எண்பதுகளிலிருந்தே எலிகளிலும் சுண்டெலிகளிலும் வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்து வருகிறார்கள். மெலடோனின், மெத்திலீன் ப்ளூ, மஞ்சளின் குர்குமின், தேன் என்று பட்டியல் நீளம். சளியை இளக்கக் கொடுக்கிறார்களே அசிடைல்சிஸ்டீன், அதை பாஸ்டன் யுனிவர்சிடியில் எலிகளின் வயிற்றுக்குள் விட்டுப் பார்த்தார்கள். ஒட்டு குறைந்தது. பசையைக் கரைக்கிற அந்த ஏற்பாடும் சுறுசுறுப்பானது. 2011-ல் இது வெளியானது. ஆக, மாமி எங்கிருந்தோ கேள்விப்பட்டது கட்டுக்கதை இல்லை.

ஆனால் அந்த எலிகளுக்கு மருந்து எப்போது, எப்படிப் போனது என்று பாருங்கள். ஸ்பெயினில் 2004-ல் எலிகளை வைத்துச் செய்த ஒரு சோதனையில் ஒரு பிரிவுக்கு வைட்டமின் ஈ-யை நேராக வயிற்றுக்குள்ளேயே விட்டார்கள். இன்னொரு பிரிவுக்குத் தசையில் ஊசியாகப் போட்டார்கள். வயிற்றுக்குள் விட்டது வேலை செய்தது. ஊசியில் போட்டது செய்யவில்லை. அதே வைட்டமின், அதே எலி ஜாதி, போன வழி மட்டும் வேறு. நாம் வாயில் போட்டு விழுங்கும் கேப்ஸ்யூல் இரைப்பை, குடல், கல்லீரல் எல்லாம் சுற்றி, உரிந்த அந்த ஒற்றைத் தட்டுக்குப் போய்ச் சேரும்போது எவ்வளவு மிஞ்சும்?

அதைவிடப் பெரிய விஷயம் நேரம். பசை இளகலாக இருக்கும் அந்த முதல் சில நாட்களில்தான் ஒட்டுமா, கரையுமா என்பதே முடிவாகிறது. அக்கா மாத்திரையை ஆரம்பித்தது ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம் கழித்து. அதற்குள் ஒட்ட வேண்டியது ஒட்டியிருக்கும், கரைய வேண்டியது கரைந்திருக்கும். காய்ந்து நாரான ஒட்டை எந்தக் கேப்ஸ்யூலும் பிரிக்காது. எண்ணெய் தடவித் தேய்த்தாலும் பிரியாது. மனிதர்களில், இன்ன மாத்திரையை ஆபரேஷனுக்கு முன்னாலோ பின்னாலோ சாப்பிட்டால் ஒட்டு வராது என்று பெரிய அளவில் சோதித்து நிரூபித்த ஆன்டி-ஆக்ஸிடென்ட் இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

"சரி, பலன் இல்லேன்னாலும் கெடுதல் இல்லையே? வைட்டமின்தானே!" என்றார் அக்கா. இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

வைட்டமின் ஈ அதிக அளவில் ரத்தம் உறைவதை மந்தமாக்கும். ஆஸ்பிரினோ, ரத்தம் உறையாமலிருக்கத் தருகிற வேறு மாத்திரையோ சாப்பிடுகிறவர்களுக்கு இது கூடுதல் ஆபத்து. ஆபரேஷனுக்கு நாள் குறித்தபின் 'உள்ளே ஒட்டாமல் இருக்கட்டும்' என்று தானாக இதை ஆரம்பித்தால், டேபிளில் ரத்தக் கசிவு கூடலாம். வயிற்றுக்குள் தேங்கும் ரத்தம் ஒட்டுக்கு இன்னும் தோது! குர்குமின் கேப்ஸ்யூல் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் வீங்கிய கேஸ்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. சாம்பாரில் போடும் மஞ்சள் தூளுக்கு இந்தப் பயம் வேண்டாம். சாரத்தைப் பிழிந்து அடைத்த கேப்ஸ்யூல் வேறு சரக்கு. ஃபின்லாந்தில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடத்திய சோதனையில் பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவிகிதம் கூடியது. 1994-ல் அந்த முடிவு வந்தபோது டாக்டர்களே அதிர்ந்து போனார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. தழும்பு நமக்கு எதிரி இல்லை. வெட்டின வயிற்றுச் சுவரைத் தாங்கிப் பிடிப்பதே தழும்புதான். இதை நிரூபிக்க பாஸ்டனில் ஜான் க்ராண்டன் என்ற இளம் சர்ஜன் தன் உடம்பையே கொடுத்தார். 1939-ல் காய்கறி, பழம் எதையும் தொடாமல், வைட்டமின் சி துளிகூட இல்லாத சாப்பாட்டை ஆறு மாதம் சாப்பிட்டார். மூன்றாவது மாதம் அவர் முதுகில் ஒரு வெட்டுப் போட்டார்கள். நன்றாகவே ஆறியது. ஆறாவது மாதம் மறுபடி ஒரு வெட்டு. பத்து நாள் கழித்துத் திறந்து பார்த்தால், மேல்தோல் மூடியிருக்கிறது, அடியில் ஆறவே இல்லை! பிறகு வைட்டமின் சி ஏற்றினார்கள், காயம் கூடியது. தழும்புக்கான நாரைப் பின்னுவதற்கே வைட்டமின் சி வேண்டும். தழும்பைத் தடுக்கிறேன் என்று நாம் தேடிப்போகிற ஆன்டி-ஆக்ஸிடென்டுகளில் ஒன்று, தழும்பு போடுவதற்கு அத்தியாவசியமானது! ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஒரு கொய்யாவோ, நெல்லிக்காயோ, எலுமிச்சைச் சாறோ சாப்பாட்டோடு போதும். அது காயம் ஆறுவதற்கு. ஒட்டைத் தடுப்பதற்கு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒட்டைக் குறைக்க நிஜமாக உதவுபவை

ஒட்டைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கு சர்ஜனுடையது. குடலை ஈரமாக வைத்துக்கொள்வது, மென்மையாகக் கையாள்வது, ரத்தக் கசிவை அப்போதைக்கப்போது நிறுத்துவது எல்லாம் இதற்காகவும்தான். ஒரு காலத்தில் சர்ஜன்களின் ரப்பர் கையுறையில் மாவுப் பவுடர் தூவியிருப்பார்கள். கை சுலபமாக நுழையட்டும் என்று. அந்தப் பவுடர் உள்ளே உதிர்ந்து ஒட்டுக்குக் காரணமாகிறது என்பது தெரிய வந்து, அமெரிக்காவில் 2017 ஜனவரியிலிருந்து பவுடர் கையுறைக்குத் தடையே வந்துவிட்டது. காயத்துக்கு நடுவில் தடுப்பு மாதிரி விரித்துவிட்டு வருகிற, தானாகக் கரைந்துபோகும் மெல்லிய தாள்களும் உண்டு. செப்ராஃபிலிம் என்பதற்கு அமெரிக்காவில் 1996-ல் அனுமதி கிடைத்தது. எல்லா ஆபரேஷனுக்கும் இது தேவைப்படாது. விலையும் அதிகம்.

சின்னத் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பிக்கு இதில் ஒரு அனுகூலம் உண்டு. அதே ஸ்காட்லாந்தில் 2009-லிருந்து 2011 வரை ஆபரேஷன் ஆன 72,270 பேரை ஐந்து வருஷம் கவனித்தபோது, நேரடியாக ஒட்டு காரணமாகத் திரும்பி வந்தவர்கள் திறந்து செய்தவர்களில் 4.3 சதவிகிதம், லேப்ராஸ்கோப்பியில் 1.7 சதவிகிதம். வித்தியாசம் முழுவதையும் துளையின் பெருமையாக எடுத்துக்கொள்ள முடியாது. சிக்கலான கேஸ்களைத்தானே அதிகம் திறந்து செய்கிறார்கள்? அதையெல்லாம் கழித்துப் பார்த்தும் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே, 'எனக்கு லேப்ராஸ்கோப்பியில் செய்ய முடியுமா?' என்று சர்ஜனிடம் கேட்பது நியாயமான கேள்வி. முடியாது என்றால் ஏன் என்று அவர் சொல்வார்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. முன்னால் நடந்த ஆபரேஷன் ஒவ்வொன்றையும் சொல்லுங்கள். "அது இருபது வருஷம் முன்னாடி, குடல்வால் ஆபரேஷன், சின்னதுதான்" என்று விட்டுவிடாதீர்கள். வயிற்றுச் சுவரோடு குடல் ஒட்டியிருந்தால், திறக்கும்போதே கத்தி குடலில் படுகிற அபாயம் உண்டு. முன்கூட்டித் தெரிந்தால் சர்ஜன் வேறு இடத்தில் நுழைவார். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பழைய பேப்பரோடு போட்டுவிடுகிறவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்!

இப்போது அந்த மாமியின் தம்பி மனைவிக்கு வருகிறேன். அக்காவை விட்டு போன் செய்யச் சொல்லி விசாரித்தேன். இரண்டு சிசேரியன் ஆனவர். கடைசியாக ஆகி பதினொரு வருஷம் முடிந்துவிட்டது. ஒரு ராத்திரி வயிற்றைப் பிசைந்து பிசைந்து வலி. வரும், போகும், மறுபடி வரும். "கல்யாண வீட்டுச் சாப்பாடு, கேஸ்தான்" என்று ஓம வாட்டர் கொடுத்தார்கள். காலையில் வாந்தி. வயிறு பானையாட்டம் உப்பிவிட்டது. 'மோஷன் போனா சரியாயிடும்' என்று யாரோ சொல்ல, விளக்கெண்ணெய். முழுசாக ஒன்றரை நாள் போனபின்தான் ஆஸ்பத்திரி. அதற்குள் ஒட்டுக் கயிற்றில் மாட்டிக்கொண்ட குடல் துண்டுக்கு ரத்தம் நின்று போயிருந்தது. ஒரு முழத்துக்கு மேல் வெட்டி எடுக்கும்படி ஆனது. பிழைத்துக்கொண்டார்.

அக்கா பயப்பட வேண்டியதும், மாதா மாதம் ஆயிரத்து ஐநூறு செலவழிக்காமலே கவனிக்கக்கூடியதும் இதுதான். வயிற்றில் எப்போதாவது ஆபரேஷன் ஆனவருக்கு, பத்து இருபது வருஷம் கழித்து ஆனாலும் சரி, விட்டு விட்டுப் பிசைகிற வலி, வயிறு உப்பல், மஞ்சளும் பச்சையுமாக வாந்தி, மலமும் போகாமல் வாயுவும் பிரியாமல் இருப்பது, இவை சேர்ந்து வந்தால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். பேதி மாத்திரை, விளக்கெண்ணெய், எனிமா எதுவும் கூடாது. வாய் வழியாக எதையும் கொடுக்காமல் சர்ஜன் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். விட்டு விட்டு வந்த வலி விடாத வலியாக மாறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வயிறு தொட்டால் கல்லாக இருந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

'போனால் உடனே கத்திதான்' என்று பயந்தே பலர் வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. ஒட்டினால் வரும் குடல் அடைப்பில் நிறைய கேஸ்கள் ஆபரேஷன் இல்லாமலே சரியாகின்றன. சாப்பாட்டை நிறுத்தி, டிரிப்ஸ் ஏற்றி, மூக்கு வழியாக டியூப் விட்டுத் தேங்கியதை வெளியே எடுத்து, ஸ்கேனில் கவனித்துக்கொண்டே காத்திருப்பார்கள். ரத்த ஓட்டம் நின்றிருக்கிறது என்ற சந்தேகம் வந்தால்தான் அவசர ஆபரேஷன். சீக்கிரம் போனவர்களுக்கே இந்தக் காத்திருக்கும் சலுகை!

கிளம்பும்போது அக்கா இன்னொன்று கேட்டார். அவ்வப்போது அடிவயிற்றில் லேசாகச் சுருக்கென்று இழுக்கிறதாம். "உள்ளே ஒட்டினதைப் பிரிச்சு விட்டுடலாமேன்னு ஒருத்தர் சொல்றார், பண்ணிக்கட்டுமா?" நெதர்லாந்தில் நாள்பட்ட வயிற்று வலியும் ஒட்டும் இருந்த 100 பேரை லேப்ராஸ்கோப்பி செய்து பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒட்டைப் பிரித்துவிட்டார்கள். மற்ற பிரிவுக்கு உள்ளே பார்த்ததோடு சரி, எதையும் தொடவில்லை. யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. ஒரு வருஷம் கழித்து இரண்டு பிரிவுக்கும் வலி குறைந்திருந்தது, ஏறக்குறைய ஒரே அளவுக்கு! 2003-ல் இது வெளியானது. பிரித்துவிட்ட இடத்தில் புதிதாக உரிந்த காயம், அதன் மேல் மறுபடி பசை என்று கதை முதலிலிருந்து ஆரம்பிக்கும் என்பதால்தான் வெறும் வலிக்காகத் திறக்கப் பல சர்ஜன்கள் தயங்குகிறார்கள். இழுக்கிற வலிக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று முதலில் ஆபரேஷன் செய்த டாக்டரிடமே காட்டச் சொன்னேன். மூன்று டப்பாக்களையும் கையோடு எடுத்துப் போய் அவரிடம் காட்டும்படியும் சொல்லியிருக்கிறேன். அக்கா தினம் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் என்பது பேச்சுவாக்கில் அப்போதுதான் வெளியே வந்தது.